சத்தம் வராத அழுகை

அன்புள்ள தம்பிக்கு,

"குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள் அக்கா, பாப்பா அழவே இல்லை. நல்லவேளை, அவளுக்கு வலி தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறாய். அப்பாவாகி பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் தீர்ப்பே சொல்லிவிட்டாயா? அவளுக்குப் போட்டிருக்கும் வென்டிலேட்டர் குழாய் குரல்நாண்களுக்கு நடுவில்தான் இறங்குகிறது. அவள் அழுதாலும் சத்தம் வராது. வாயைக் கோணிக்கொண்டு சத்தமில்லாமல் அழும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறவள் நான்.

"அப்படியானால் நர்ஸுக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்பாய். 1996-இல் கனடாவில் உருவான 'பிப்' என்ற அளவுகோல் இருக்கிறது. குத்துவதற்கு முன் 15 விநாடி பார்த்து, இதயத்துடிப்பையும் ஆக்சிஜனையும் குறித்துக்கொள்வோம். குத்தியதும் 30 விநாடி பார்ப்போம். துடிப்பு எவ்வளவு ஏறியது? ஆக்சிஜன் எவ்வளவு இறங்கியது? புருவத்துக்கு நடுவே சதை புடைக்கிறதா? கண்ணை இறுக்கி மூடுகிறாளா? மூக்கோரம் மடிப்பு விழுகிறதா?

இவை ஐந்து. மீதி இரண்டைத்தான் நீ கவனிக்க வேண்டும்: எத்தனை வாரத்தில் பிறந்தாள், குத்துவதற்கு முன்னால் தூங்கினாளா, விழித்திருந்தாளா என்பவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 21. உன் மகள் 29 வாரத்தில் பிறந்தவள். அதற்கே 2 மதிப்பெண். அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தால் இன்னும் 3. ஏன் தெரியுமா? குறைமாதப் பிள்ளைக்கு வலியைக் காட்டத் தெம்பு கிடையாது. அந்தத் தெம்பில்லாமைக்கும் சேர்த்துத்தான் மதிப்பெண் போடுகிறோம். 6 வரை என்றால் பெரிதாக வலியில்லை. 12-ஐத் தாண்டினால் சும்மா இருக்கக் கூடாது.

"மூளையே முழுசாக வளராத பிள்ளைக்கு வலி எங்கிருந்து வரும்?" என்று அடுத்துக் கேட்பாய். டாக்டர்களே அப்படி நம்பிய காலம் உண்டு. போதிய மயக்கமருந்து இல்லாமலே பச்சிளம் பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. 1987-இல் ஆக்ஸ்போர்டில் கே.ஜே.எஸ். ஆனந்தும் உடனிருந்தவர்களும் குறைமாதப் பிள்ளைகளின் இதய அறுவை சிகிச்சையில் ஃபென்டனில் என்ற வலிமருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகளின் உடம்பு பட்ட பாடு வெகுவாகக் குறைந்தது, தேறியதும் நன்றாக இருந்தது. அதற்குப் பிறகும் "வலிக்காது" என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

இனி உன் தப்புகளுக்கு வருகிறேன். மானிட்டரையே முறைத்துக்கொண்டு நிற்காதே. காய்ச்சலிலும் துடிப்பு ஏறும், முகத்தைப் பார். ஆசையாக இருக்கிறதென்று விரலால் தடவிக்கொண்டே இருக்காதே, இந்தப் பருவத்தில் அது அவளுக்குத் தொந்தரவு. ஒரு கையைத் தலைமேல் வை. மறு கையால் கால்களை மடக்கி அணைத்து, அசைக்காமல் பிடி. ஊசிக்கு இரண்டு நிமிஷம் முன்பு நாக்கில் சில சொட்டு சர்க்கரைக் கரைசல் விடலாமா என்று நர்ஸிடம் கேள். "அதற்குத் தேன் வைத்தால் என்ன?" என்று பெரியவர்கள் யாராவது சொன்னால் மறுத்துவிடு. ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. டாக்டர் அனுமதித்ததும் சட்டையைக் கழற்றி அவளை உன் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொள். வலி தணிக்க அதுவும் நல்ல மருந்துதான்.

அடுத்த முறை ரத்தம் எடுக்க வரும்போது வராந்தாவுக்கு ஓடாதே. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் அவளைப் பிடித்துக்கொள். கண் அந்தப் புருவத்திலேயே இருக்கட்டும். அது எப்போது தளர்ந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா