அடிமனத்தின் வேர்

புதுச்சேரித் தேங்காய்த்திட்டின் கழிமுகத்திலே அலையாத்தி மரங்கள் செழித்து நிற்கின்றன. அவற்றின் அடியில் சேற்றைப் பிளந்துகொண்டு விரல்போன்ற குச்சிகள் எண்ணற்றவை நீட்டிக்கொண்டிருக்கும். காண்பார் அவற்றைத் தனித்தனிச் செடிகள் என மயங்குவர். அவை மூச்சுவேர்கள், சேற்றினுள் மறைந்தோடும் வேர்களினின்று எழுந்தவை.

மக்கள் மனத்திலும் அவ்வாறு மறைந்து கிடக்கும் பகுதியே பெரிது என்று கூறியவர், வியன்னா நகர மருத்துவர் சிக்மண்டு பிராய்டு (1856–1939). நாணத்தாலும் அச்சத்தாலும் ஒடுக்கப்பட்ட விருப்பங்கள் மாய்வதில்லை. நனவிலி மனத்தில் தங்குகின்றன. பின்னர்க் கனவாகவும், நாத்தவறாகவும், காரணம் புலப்படாத மறதியாகவும், சிலர்க்கு நோயாகவும் தலைகாட்டுகின்றன. நோயாளி தம் மனத்தில் தோன்றுவனவற்றையெல்லாம் மறையாது கூறக் கேட்டு, அவ்வேரைக் கண்டறிய முயல்வதே உளப்பகுப்பாய்வு.

நம் நாட்டில் இக்கலையை வேரூன்றச் செய்தவர் கல்கத்தா மருத்துவர் கிரீந்திரசேகர போசு (1887–1953). ஒடுக்கத்தைப் பற்றித் தாம் எழுதிய ஆராய்ச்சி நூலைப் பிராய்டுக்கு அனுப்பினார். 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். எனினும், பிராய்டு சொன்னதை அப்படியே ஏற்றாரல்லர். ஒவ்வொரு விருப்பத்துடனும் அதற்கு மாறானதொரு விருப்பமும் உள்ளத்தே பிறக்கிறது. ஒன்றை மற்றொன்று ஒடுக்குகிறது என்பது அவர் கொள்கை. அடிக்க விரும்புவோன் உள்ளத்தில் அடிபடும் விருப்பமும் உண்டாம்! கேட்போர்க்கு இது வியப்பே. பிராய்டும் இதனை முழுதும் ஒப்பவில்லை. இருவரும் நேரில் கண்டதுமில்லை, கடிதங்களிலேயே வாதிட்டனர். 1931இல் பிராய்டின் 75ஆம் பிறந்தநாளையொட்டிக் கல்கத்தாக் கழகத்தார் தந்தத்தாலான திருமால் சிலை ஒன்றை அனுப்பினர். அவர் அதனைத் தம் மேசைமீது வைத்துக்கொண்டார்.