முதுமையில் காசநோய்: கண்டறிவது ஏன் கடினம்?

"வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்." தாத்தா இளைத்துப் போனாலும் பாட்டிக்குச் சாப்பாடு இறங்காவிட்டாலும், நம் வீடுகளில் சொல்லப்படும் பதில் இதுதான். அந்தப் பதிலுக்குப் பின்னால் சில வேளைகளில் காசநோய் மறைந்திருக்கிறது.

காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததை ராபர்ட் கோக் 1882 மார்ச் 24-இல் அறிவித்தார். மலேசியாவில் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1961-இல் தொடங்கியது. அதற்கு முன் பிறந்து, தோட்டத்து லயன் வீடுகளில் நெருக்கமாக வாழ்ந்தவர்களில் பலர் இளமையிலேயே இக்கிருமியைச் சுவாசித்திருக்கலாம். உடலின் எதிர்ப்புச் சக்தி கிருமியை அடக்கி வைக்கும். முற்றாக அழித்துவிடும் என்று சொல்ல முடியாது. முதுமையிலும் நீரிழிவிலும் அச்சக்தி குறையும்போது கிருமி மீண்டும் தலைதூக்குகிறது.

நோய் பிடிபடாமல் போவதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

1. அறிகுறிகள்: இளையோருக்கு நீண்ட நாள் இருமல், காய்ச்சல், இரவு வியர்வை, சளியில் இரத்தம் ஆகியவை தோன்றும். முதியோரிடம் இவை குறைவு. பசியின்மை, எடை குறைதல், மூச்சிரைப்பு, சோர்வு, சிலருக்கு மனக்குழப்பம் மட்டுமே தெரியும்.

2. எக்ஸ்ரே: காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியைத் தாக்கும். முதியோருக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கும் கீழ்ப்பகுதியிலும் நிழல் விழுவதால், நிமோனியா என்றோ புற்றுநோய் என்றோ கருத இடமுண்டு.

3. சளி: நோயை உறுதிப்படுத்த சளிப் பரிசோதனை தேவை. ஆனால், வலுவிழந்தவர்களால் ஆழத்திலிருந்து இருமிச் சளியை எடுக்க முடிவதில்லை. டப்பாவில் எச்சில் மட்டும் இருந்தால் கிருமி தெரியாமல் போகலாம்.

ஆகவே, காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்து, மூச்சை நன்கு இழுத்துவிட்டு இருமி எடுத்த சளியே சிறந்தது. சளி வராதவர்களுக்கு உப்புநீராவியைச் சுவாசிக்கக் கொடுப்பார்கள். நுண்ணோக்கிச் சோதனையில் கிருமி தென்படாவிட்டாலும் நோய் இல்லை என்று முடிவு செய்துவிட முடியாது. கிருமியின் மரபணுவைத் தேடும் கருவி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் விடை தருகிறது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குப் பல வாரங்கள் ஆகும்.

காசநோய் குணமாகக்கூடியது, வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். நோயின் பெயரைச் சொல்லவே கூச்சப்பட்டுத் தாமதித்தால் பெரியவரின் உயிருக்கு ஆபத்து. அவர் பக்கத்தில் படுத்துறங்கும் பேரப்பிள்ளைக்கும் நோய் தொற்றலாம்.

நண்பர்களே, பருவ விடுமுறையில் வீடு திரும்பும்போது தாத்தா பாட்டியின் சட்டை தொளதொளத்திருக்கிறதா என்று பாருங்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால் உடன் சென்று, "எடை குறைந்திருக்கிறது, சளியைச் சோதிக்க வேண்டுமா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். முதுமைக்கு மருந்தில்லை, காசநோய்க்கு உண்டு.