சர்வீஸ் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு

கம்ப்யூட்டர் சர்வீஸில் வருவதெல்லாம் பழைய கோளாறுகள்தான். ஆன் ஆகவில்லை, ஸ்லோவாக இருக்கிறது, பிரிண்ட் வரவில்லை. சில மாதங்களில் சலிப்புத் தட்டும். அந்தச் சலிப்பில் கை அவசரப்படும், நஷ்டம் அடுத்தவருக்கு. அதனால்தான் இவற்றைச் சொல்லி வைக்கிறேன்.

1. முதலில் மெஷினைக் கொண்டுவந்தவரைப் பேசவிடுங்கள். "நான் ஒண்ணுமே பண்ணல, தானா போயிடுச்சு" என்பார். மறுத்துப் பேசினால் நடந்ததை மறைப்பார். "கடைசியா எப்போ நல்லா ஓடுச்சு? அதுக்கப்புறம் என்ன மாத்துனீங்க?" என்று மட்டும் கேளுங்கள். புது பிரிண்டரோ, இடி விழுந்த ராத்திரியோ, பேரன் ஏற்றிய கேமோ வெளியே வரும்.

2. எளியதை முதலில் பாருங்கள். பவர் கேபிள், மானிட்டர் ஒயர், கேப்ஸ் லாக். டிஸ்ப்ளே வராவிட்டால், ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற முனையை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டுங்கள். பாங்க் சைட் எதுவுமே திறக்கவில்லையா? தேதியைப் பாருங்கள். மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் பழைய வருடத்துக்குப் போய்விடும்; சைட்டின் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் தடுக்கும். அந்தச் சின்ன பேட்டரிக்காக மதர்போர்டையே மாற்றச் சொல்வது பாவம்.

3. ஃபார்மட் கடைசி வழி. சலித்தவன் கை முதலில் அதற்குத்தான் போகும். அதற்கு முன் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாலி கணக்கு எல்லாவற்றையும் வேறு டிஸ்கில் எடுத்து, உரியவரையே உட்காரவைத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஹார்ட் டிஸ்க் டக் டக்கென்று அடித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். ஓட ஓட உள்ளே இருப்பதை மீட்பது கடினமாகும்.

4. எழுத்துருக்களையும் எடுத்து வையுங்கள். டிடிபி கடையில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல், ஃபார்மட்டுக்குப் பின் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். ஃபைல் கெடவில்லை, எழுத்துருதான் இல்லை. அதை ஏற்றிக் கொடுங்கள். இனி யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள்.

5. அடுத்தவர் ஃபோட்டோவைத் திறக்காதீர்கள். பாஸ்வேர்டை எழுதி வாங்காதீர்கள். அவரையே அடிக்கச் சொல்லுங்கள்.

6. போனில் யாரோ சொன்னதைக் கேட்டு ரிமோட் ஆப் போட்டுப் பணத்தை இழந்துவிட்டேன் என்று ஒருவர் வந்தால், நெட்டைத் துண்டியுங்கள். உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கும் பாங்குக்கும் போன் போட வையுங்கள். மெஷின் அப்புறம். அந்த நேரத்தில் ஒரு திட்டும் வேண்டாம்.

7. உள்ளதைச் சொல்லுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 இல்லாத பழைய மெஷின், விண்டோஸ் 11க்கான தகுதிப் பட்டியலில் வராது. ஸ்லோ மட்டும்தான் குறை என்றால், பல மெஷின்களுக்கு எஸ்எஸ்டி மாற்றினாலே போதும். எது தேவையோ அதை மட்டும் விற்பனை செய்யுங்கள்.

8. அதே கேள்வியை அதே ஆள் மறுபடி கேட்டாலும் முகம் சுளிக்காதீர்கள். செய்யவேண்டியதைத் தமிழில் வரிசையாக எழுதிக் கொடுங்கள். உங்களுக்கு அது இன்னொரு பிரிண்டர். அவருக்கு நாளைக் காலைப் பரீட்சைக்கான ஹால் டிக்கெட். அதை நினைத்துச் செய்யுங்கள், வேலை சுத்தமாக வரும்.