சுழலும் அச்சுக்கு ஃபீடு எவ்வளவு?

நம் டிரஸ்ட் உதவித்தொகையில் சிஎன்சி மில்லிங் பயிலும் பிள்ளைகள் வேலைக்குப் போகுமிடத்தில் சோதனை வேலை கொடுப்பார்கள். அங்கே டூல் முறிந்தால் வேலை கைநழுவும். தடுமாறுவது பெரும்பாலும் நான்காவது அச்சில்தான்.

ஜி94-ல் எஃப்200 என்றால் நேர் அச்சுகளுக்கு நிமிடத்துக்கு 200 மி.மீ. ஏ அச்சு மட்டும் சுழலும்போது அதே எஃப்200 பல மெஷின்களில் 200 டிகிரி ஆகிவிடும். டூலுக்கு டிகிரி தெரியாது. பரப்பு நகரும் வேகம்தான் தெரியும்.

50 மி.மீ. விட்டமுள்ள உருளையின் சுற்றளவு சுமார் 157 மி.மீ. பரப்பில் 200 மி.மீ. வேகம் வேண்டுமென்றால் 200-ஐ 360-ஆல் பெருக்கி 157-ஆல் வகுக்க வேண்டும்: சுமார் எஃப்458. விட்டம் 100 என்றால் எஃப்229 போதும். அங்கும் 458-ஐயே விட்டுவைத்தால் பல்லுக்கு இரு மடங்கு உலோகம் ஏறும்.

ஹாஸ் மெஷினில் செட்டிங் 34-ல் விட்டத்தைக் கொடுத்தால் மெஷினே கணக்கிடும், அங்கே மி.மீ. ஃபீடையே எழுத வேண்டும்.

எக்ஸும் ஏவும் சேர்ந்து ஓடினால் ஜி93 நல்லது. வேகத்தைப் பாதை நீளத்தால் வகுத்தால் எஃப்: 10 மி.மீ. பாதைக்கு எஃப்20, அதாவது 3 விநாடி. ஒவ்வொரு வெட்டு வரியிலும் எஃப் எழுத வேண்டும். ஜி94-க்குத் திரும்பியதும் புது எஃப்.

இன்ஷா அல்லாஹ், மஃரிபுக்குப் பின் நம் அலுவலகத்தில் இதைப் பழகுவோம். கால்குலேட்டர் கொண்டு வாருங்கள்.