ஆறு மாசத்துல தேவைப்படுற 1 லட்சத்தை எங்க வைக்கலாம்?

போனஸ் வந்து, கையில 1 லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கு. ஆறு மாசத்துல வீட்டு அட்வான்ஸோ, தங்கச்சி காலேஜ் ஃபீஸோ கட்டணும். அதுவரைக்கும் சும்மா கிடக்குற பணத்தை எங்கயாவது போட்டு வளர்க்கலாமேன்னு தோணுதா? முதல்ல என் கதையைக் கேளுங்க.

2020 ஜனவரி. அடகுல இருந்த அம்மா நகையை மீட்க 80,000 ரூபாய் சேர்த்து வெச்சிருந்தேன். மார்ச் கடைசியிலதான் கெடு. இடைப்பட்ட மூணு மாசத்துக்கு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டேன். கொரோனா பயத்துல மார்க்கெட் சரிஞ்சது. மார்ச் மூன்றாவது வாரம் பார்த்தா, சுமார் 57,000 தான் இருந்தது. இத்தனைக்கும் நான் சி.ஏ. முடிச்சவன்! அந்தத் தடவை வட்டியை மட்டும் கட்டி, நகையைத் திரும்ப அடகு வெச்சோம். ஃபண்டை நான் குறை சொல்ல மாட்டேன். தேதி குறிச்ச பணத்தை அதுல போட்டது என் தப்பு.

எவ்வளவு லாபத்துக்காக இந்த ரிஸ்க்?

கணக்கு போட்டுப் பாருங்க. 1 லட்சம், ஆறு மாசம்:

- சேவிங்ஸ் அக்கவுண்ட், 2.5% வட்டி: 1,250 ரூபாய்
- எஃப்டி, 6% வட்டி: சுமார் 3,000 ரூபாய்

வித்தியாசம் 1,750 ரூபாய். மாசத்துக்கு 300 ரூபாய் கூட இல்ல. அதனால வட்டி எவ்வளவுன்னு பார்க்குறதுக்கு முன்னாடி, கேட்ட அன்னைக்குப் பணம் முழுசா கைக்கு வருமான்னு பாருங்க.

தேதி தெரியும்னா: எஃப்டி

அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி முடியுற மாதிரி போடுங்க. ஒரே எஃப்டியா போடாம 50,000, 25,000, 25,000 எனப் பிரிச்சுப் போடுங்க. நடுவுல அவசரம்னா ஒண்ணை மட்டும் உடைச்சா போதும். முன்கூட்டியே உடைச்சா பெரும்பாலான வங்கிகள் வட்டியில் கொஞ்சம் குறைப்பாங்க. டாக்ஸ் சேவர் எஃப்டியை மட்டும் தெரியாமத் தேர்ந்தெடுத்துடாதீங்க, அது 5 வருஷ லாக்-இன். ஒரு வங்கியில் ஒருத்தருக்கு 5 லட்சம் வரை டெபாசிட் இன்சூரன்ஸ் உண்டு.

தேதி தெரியாதுன்னா: ஸ்வீப்-இன் அல்லது லிக்விட் ஃபண்ட்

ஸ்வீப்-இன் வசதியில, குறிப்பிட்ட தொகைக்கு மேல் இருக்குற பணம் தானா எஃப்டிக்குப் போகும். நீங்க எடுக்கும்போது தானா திரும்பி வரும்.

லிக்விட் ஃபண்ட், 91 நாளுக்குள் முதிர்வடையும் கடன் பத்திரங்களில் முதலீடு செய்யும். முதல் ஏழு நாளுக்குள் எடுத்தா சின்னதா எக்ஸிட் லோடு உண்டு. பிறகு விற்றால் பொதுவா அடுத்த வேலை நாள் பணம் வந்துடும். ஆனா இதுக்கு டெபாசிட் இன்சூரன்ஸ் கிடையாது, வருமானத்துக்கு உத்தரவாதமும் கிடையாது. வரியும் எஃப்டி மாதிரியே உங்க ஸ்லாப் படிதான்.

இன்னைக்கே ஒரு வேலை செய்யுங்க. உங்க பணம் ஒவ்வொண்ணும் எதுக்கு, எப்போ தேவைன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. ஒரு வருஷத்துக்குள்ள தேதி விழுற எந்தப் பணமும் ஷேர் மார்க்கெட் பக்கம் போகக் கூடாது. எங்கம்மா நகை எனக்குக் கத்துக் கொடுத்த பாடம் இது.