கிழக்கு எது? நிழல் சொல்லும் பாடம்



கிழக்கு எது என்று உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கள். "சூரியன் உதிக்கும் திசை" என்று உடனே பதில் வரும். நாமும் பள்ளியில் அப்படித்தான் படித்தோம். அந்த விடை ஓரளவு உதவும்; ஆனால் முழு உண்மை அன்று. மாமல்லபுரத்துக் கடலோரத்தில் வாழ்பவர்களுக்கு இச்சிறு பிழையால் பெரிய தொல்லையும் நேரலாம்.

பூமியின் சுழற்சி

செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் நோக்கி ரெயிலில் போகும்போது, கொளவாய் ஏரிப்பக்கத்து மரங்கள் பின்னோக்கி ஓடுவதுபோல் தோன்றும். உண்மையில் ஓடுவது நம் ரெயில்தான். சூரியன் விஷயமும் இவ்வாறே. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. ஆகையால் சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போவதாக நமக்குத் தோன்றுகிறது. கி.பி. 499-இல் ஆரியபட்டர் ஓடத்தில் செல்பவனை உவமையாகக் காட்டி இதனை விளக்கினார்.

பூமி 4 நிமிடத்தில் 1 பாகை திரும்புகிறது. நம் பகுதியில் உள்ள யாவரும் மணிக்கு ஏறக்குறைய 1,630 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே கொண்டுபோகப்படுகிறோம். செங்கல்பட்டுக்குக் கிழக்கே இருப்பதால், மாமல்லபுரத்தில் சூரியோதயம் ஏறக்குறைய ஒரு நிமிடம் முந்தி நிகழ்கிறது.

ஆகவே, பூமி சுழன்று நம்மைக் கொண்டுபோகும் திசையே கிழக்கு. அது மாறுவதில்லை. சூரியன் எழும் இடமோ நாளுக்கு நாள் மாறுகிறது.

மாறுவது ஏன்?

பூமியின் அச்சு ஏறக்குறைய 23½ பாகை சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வோடு அது சூரியனைச் சுற்றி வருவதால், மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாட்களை ஒட்டி மட்டுமே சூரியன் நேர் கிழக்கில் உதிக்கும். ஜூன் 21-ஐ ஒட்டி, நம் கடற்கரையில் அது நேர் கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே விலகி எழும். டிசம்பர் 22-ஐ ஒட்டி அதே அளவு தெற்கே விலகும். அஸ்தமனமும் அப்படியே.

ஜூன் மாத மாலையில், மாமல்லபுரத்துக்கு நேர் கிழக்கே 10 கிலோமீட்டர் தொலைவில் ஒரு படகு நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கரை தெரியவில்லை. மறையும் சூரியனையே மேற்கு என்று நம்பிப் படகைச் செலுத்தினால், ஊருக்கு ஏறக்குறைய 4 கிலோமீட்டர் வடக்கேதான் கரை சேரமுடியும். இருட்டும் நேரத்தில் இது சிறு தூரமா? கடலில் செல்வோர் நட்சத்திரம், காற்று, கரை அடையாளம் யாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது வீண் அன்று.

"நடுப்பகல் நிழல் வடக்கே விழும்" என்னும் விதியையும் இங்கே அப்படியே நம்பலாகாது. ஏறக்குறைய ஏப்ரல் 23 முதல் ஆகஸ்ட் 20 வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடபுறம் நிற்பதால், நிழல் தெற்கே விழும்.

செய்து பாருங்கள்

1. சமதளமான முற்றத்தில் ஒரு மீட்டர் உயரமுள்ள குச்சியைச் செங்குத்தாக நடவும். தூக்குக்குண்டு பிடித்துச் சரிபார்க்கவும்.

2. காலை 9 மணிக்கு நிழலின் நுனியில் ஓர் அடையாளம் இடவும். குச்சியை மையமாகக் கொண்டு, கயிற்றால் அவ்வடையாளத்தின் வழியாக ஒரு வட்டம் வரையவும்.

3. நிழல் நடுப்பகல்வரை குறுகிப் பின்பு நீளும். பிற்பகல் 3 மணி சுமாருக்கு அதன் நுனி மறுபடியும் வட்டத்தைத் தொடும். அங்கே இரண்டாம் அடையாளம் இடவும்.

4. இரண்டையும் கோட்டால் இணைக்கவும். காலை அடையாளம் உள்ள பக்கம் மேற்கு. பிற்பகல் அடையாளம் உள்ள பக்கம் கிழக்கு.

பூமி ஒரே சீராகச் சுழல்வதால், நடுப்பகலுக்கு முன்னும் பின்னும் நிழல் ஒத்த அளவில் விழுகிறது. எனவே இம்முறை எல்லா மாதங்களிலும் பலிக்கும்.

பெற்றோர்களே, இதனைப் பிள்ளைகளோடு ஜூனில் ஒருமுறையும் டிசம்பரில் ஒருமுறையும் செய்து பாருங்கள். சூரியன் உதிக்கும் இடம் வெகுவாக மாறியிருக்கும். முற்றத்துக் கோடோ அதே திசையைக் காட்டும்.