டாலர் என்றால் எந்த டாலர்? எக்ஸெல்லில் ஒரு தீவுப் பயணக் கணக்கு

புதிதாகக் கணினி வாங்கியவர்களில் பலர் எக்ஸெல் தொகுப்பை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, "அலுவலகக் கணக்குதானே, வீட்டில் எதற்கு?" என்று மூடிவிடுகின்றனர். அவர்களுக்காக, என் வீட்டில் நான் போட்ட (முதலில் தவறாகப் போட்ட) ஒரு கணக்கையே இங்கு பாடமாகத் தருகிறேன்.

எங்கள் மூன்றாவது திருமண நாளுக்குக் கரீபியன் கடலில் உள்ள செயின்ட் லூசியா தீவுக்குச் செல்ல, நானும் மனைவியும் மாதாமாதம் பணம் சேர்த்து வந்தோம். 617 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறிய தீவு இது. இதன் தென்மேற்கில் சூஃப்ரியர் என்ற ஊருக்கு அருகில், பிட்டன் எனப்படும் இரண்டு எரிமலைச் சிகரங்கள் கடலோரத்திலேயே செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. 2004-ல் யுனெஸ்கோ இப்பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தச் சிகரங்களைப் பார்த்தபடி அமைந்த சொகுசு அறையில் தங்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை.

செலவுகளை ஒர்க் ஷீட்டில் எழுதிக் கூட்டினேன். கையிலிருந்த பணத்தைத் தாண்டியது. வேறு வழியின்றி, சிகரம் தெரியாத சாதாரண அறையே போதும் என்று முடிவு செய்தோம். பணம் கட்டப் போகும் நேரத்தில் மனைவி கேட்டார்: "படகுக்காரர் சொன்னது எந்த டாலர்?"

அங்கேதான் தவறு. அத்தீவின் நாணயம் கிழக்குக் கரீபியன் டாலர். 1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 கிழக்குக் கரீபியன் டாலர் என்று அதன் மதிப்பு நிலையாக இருக்கிறது. சொகுசு விடுதிகள் பெரும்பாலும் அமெரிக்க டாலரில் விலை சொல்லும். டாக்ஸி, படகு, உள்ளூர் உணவகம் ஆகியவற்றில் உள்ளூர் டாலரிலும் சொல்வார்கள். இரண்டுக்கும் $ குறிதான். நான் எல்லாவற்றையும் அமெரிக்க டாலர் என்றே கணக்கிட்டிருந்தேன். எக்ஸெல் சரியாகத்தான் கூட்டியது. நான் கொடுத்த எண்கள்தான் தவறு.

இந்தத் தவறு நேராதபடி ஒர்க் ஷீட்டை அமைப்பது எப்படி என்று பார்ப்போம். (கீழே தமிழில் உள்ள ஏ, பி, சி, டி, இ எழுத்துகளை ஆங்கிலத்தில் டைப் செய்யவும்.)

1. பி1 செல்லில், ஓர் அமெரிக்க டாலருக்கு அன்று எத்தனை ரூபாய் என்பதை எழுதுங்கள்.

2. மூன்றாவது வரிசையில் ஏ முதல் இ வரை விவரம், விலை, எத்தனை, வகுக்கும் எண், ரூபாய் எனத் தலைப்புகளை அமைக்கவும்.

3. நான்காவது வரிசை முதல் செலவுகளை எழுதுங்கள். விலை அமெரிக்க டாலர் என்றால் டி பத்தியில் 1. உள்ளூர் டாலர் என்றால் 2.7.

4. இ4 செல்லில் =பி4*சி4/டி4*$பி$1 என டைப் செய்து என்டர் தட்டவும். படகுச் சவாரி ஆளுக்கு 270 உள்ளூர் டாலர், இரண்டு பேர் என்றால், 200 அமெரிக்க டாலருக்கான ரூபாய் கிடைக்கும்.

5. இ4 செல்லைத் தேர்ந்தெடுத்து, அதன் வலது கீழ் மூலையில் உள்ள சிறு கட்டத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுங்கள். எல்லா வரிசைகளுக்கும் பார்முலா வந்துவிடும்.

6. கடைசியில் ஆட்டோசம் பட்டனை அழுத்தி மொத்தத்தைப் பெறுங்கள். விமான டிக்கெட் விலை ரூபாயில் இருந்தால் அதை நேராக இ பத்தியில் எழுதலாம்.

பார்முலாவில் உள்ள $ குறி பணத்தைக் குறிப்பதல்ல. கீழே இழுக்கும்போது பி1 என்பது பி2, பி3 என மாறாமல் பிடித்து நிறுத்துவது. அது இல்லாவிட்டால் அடுத்த வரிசையிலேயே கணக்கு சுழியமாகிவிடும்.

டி பத்தியை நிரப்ப மறந்தால் என்ன ஆகும்? எக்ஸெல் காலியான செல்லைச் சுழியமாகக் கொள்வதால் வகுக்க முடியாமல் பிழைச் செய்தி தரும். மொத்தத்திலும் அதுவே தோன்றும். இது நல்லதுதான். எந்த டாலர் என்று கேட்டு எழுதும்வரை விடை வராது.

விட்டுப்போகக் கூடிய சில செலவுகளையும் சொல்லிவிடுகிறேன். விடுதி விலையில் வரியும் சேவைக் கட்டணமும் அடங்குமா என்று பாருங்கள். அறை விலை ஆளுக்கா, அறைக்கா என்பதும் முக்கியம். பெரிய விமானங்கள் இறங்கும் ஹெவனோரா விமான நிலையம் தீவின் தென்கோடியில் இருக்கிறது. வடக்கே ரோட்னி பே பகுதி விடுதிகளுக்குக் காரில் சுமார் ஒன்றரை மணி நேரம். அந்தக் கார் வாடகைக்கும் ஒரு வரிசை வேண்டும்.

காலத்தையும் ஒப்பிடலாம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு, விலை அதிகம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். விலை குறையும், ஆனால் ரத்து செய்தால் பணம் திரும்புமா என்று படித்த பிறகே கட்ட வேண்டும். ஷீட் டேபில் ரைட் கிளிக் செய்து, மூவ் ஆர் காப்பி பிரிவில் கிரியேட் எ காப்பி என்பதை டிக் செய்தால் இன்னொரு பிரதி கிடைக்கும். அதில் விலைகளை மட்டும் மாற்றுங்கள்.

திருத்திய கணக்கில் எங்கள் மொத்தம் கையிருப்புக்குள் வந்தது. சிகரம் தெரியும் அறையையே பதிவு செய்தோம். என் தவறு செலவைக் கூட்டிக் காட்டியதால் தப்பினோம். அமெரிக்க டாலரை உள்ளூர் டாலர் என்று எண்ணியிருந்தால், அங்கே போன பிறகு 2.7 மடங்கு கொடுக்க வேண்டியிருந்திருக்கும். எனவே, எண்ணை எழுதும்போதே அது எந்தப் பணம் என்பதையும் அருகில் எழுதப் பழகுங்கள்.